சட்டப் புத்தகத்தைத் தேடித் தரவும் ஒரு படிப்பு இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பிளஸ் டூ முடிவு வந்த வாரம் உங்கள் நாளிதழோடு வந்த உயர்கல்வி இணைப்பை என் தங்கை மகளுக்காக எடுத்துவைத்து, ஒரு வரி விடாமல் படித்தேன். தடய அறிவியல், கடல்சார் படிப்பு, விமானப் பராமரிப்பு என்று எங்கள் காலத்தில் பெயர்கூடக் கேட்டிராத படிப்புகளுக்கெல்லாம் இடம் கொடுத்திருந்தீர்கள், நல்ல காரியம். சட்டப் படிப்புக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம். வக்கீல் ஆகலாம், நீதிபதி ஆகலாம், கம்பெனியில் சட்ட அதிகாரி ஆகலாம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போன அந்தப் பக்கத்தில் சட்ட நூலகர் என்ற வார்த்தை இல்லை. நூலக அறிவியல் என்ற படிப்பும் இணைப்பு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. 31 வருடம் ஒரு சட்டக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவள் நான். அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை. கடிதம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் குழித்துறை. களியக்காவிளை தாண்டினால் கேரளம். 1956 நவம்பர் 1-ம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. ஊர் ஒரே நாளில் சேர்ந்துவிட்டது. சட்டம் அப்படிச் சேரவில்லை. புதிய அரசு மாற்றும்வரை அந்தந்த இடத்துப் பழைய சட்டமே தொடரும் என்று மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டத்தின் 119-வது பிரிவு சொன்னது. அதனால் இங்கே பழைய சொத்து வழக்கு என்றால் வக்கீல் மேசையில் இரண்டு பக்கத்துப் புத்தகமும் இருக்க வேண்டும். பத்திரம் மலையாளத்தில் இருக்கும், தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும், நிலத்தின் பெயர் ஏதாவது ஒரு 'விளை'யில் முடியும், வழக்கு தமிழ்நாட்டுக் கோர்ட்டில் நடக்கும். நாயர் சட்டம் 1100, நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் 1101, கிறிஸ்தவர் வாரிசுரிமைச் சட்டம் 1092. புதிதாக வரும் ஜூனியர்கள் இந்த எண்களைப் பார்த்துத் திகைத்துப்போவார்கள். எல்லாம் கொல்லம் ஆண்டு. ஆங்கில ஆண்டு வேண்டுமானால், ஆவணி முதல் மார்கழிப் பாதிவரை என்றால் 824, அதற்குப் பிறகு என்றால் 825 கூட்ட வேண்டும். கிறிஸ்தவர் வாரிசுரிமைச் சட்டமான 1092-ம் ஆண்டின் 2-வது ரெகுலேஷன் 1916-ல் வந்தது.

அந்த 1092 என்ற எண்தான் என்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது. அப்பா வக்கீல் குமாஸ்தா. படிப்பு எட்டாம் வகுப்பு, அதுவும் மலையாளப் பள்ளிக்கூடத்தில். அவருடைய சீனியரின் ஆபீஸ் ஒரு ஓட்டு வீடு. முன்னறையில் கண்ணாடி போட்ட மூன்று அலமாரிகள். ஒன்றில் ஏ.ஐ.ஆர். என்கிற ஆல் இந்தியா ரிப்போர்ட்டர் தீர்ப்புத் தொகுதிகள், ஒன்றில் மெட்ராஸ் லா ஜர்னல், மூன்றாவதில் திருவிதாங்கூர் ரிப்போர்ட்டுகளும் கேரளா லா டைம்ஸும். அவற்றைத் துடைப்பது, பூச்சிக்கு வேப்பிலை போடுவது, பைண்டிங் விட்டதைக் கொடுத்துத் தைப்பது எல்லாம் அப்பா பொறுப்பு. மைதாப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலக்கச் சொல்லி பைண்டரிடம் கூடவே நின்று பார்ப்பார். துத்தம் போடாத பசையை ராமபாணப் பூச்சி விடாது.

1979, ஆடி மாதச் சாரல். நான் பத்தாம் வகுப்பு. அப்பாவுக்கு ராத்திரிச் சாப்பாடு கொண்டுபோனேன். கரண்ட் இல்லை. அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டை உடைக்கிற ஒரு அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கொட்டைப் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. அவருடைய அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனவர். அண்ணன்மார் மூன்று பேர். "உனக்கு ஸ்ரீதனம் தந்தாச்சு, சொத்துல பங்கு இல்ல" என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். 1092 ரெகுலேஷன்படி அது சரிதான்: மகளுக்கு மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது ஸ்ரீதனம், அதோடு தீர்ந்தது. அந்த ரெகுலேஷன் இன்னும் அமலில்தான் இருக்கிறது என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு தனி நீதிபதி சொன்ன தீர்ப்பு 1974-ம் ஆண்டு ஜர்னலில் வந்திருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் நீட்டியிருந்தார்.

அப்பா மண்ணெண்ணெய் விளக்கை என் கையில் கொடுத்துவிட்டு ஸ்டூலில் ஏறி, புதிதாக வந்த 1978-ம் ஆண்டு ஏ.ஐ.ஆர். தொகுதியை இறக்கினார். சென்னைப் பகுதி, 66-ம் பக்கம். இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு வேறு விதமாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தது: பழைய சமஸ்தானப் பகுதிகளுக்கும் மத்தியச் சட்டங்களை நீட்டி 1951-ல் மத்திய அரசு கொண்டுவந்த பி பகுதி மாநிலங்கள் சட்டத்தோடு திருவிதாங்கூர் ரெகுலேஷன் ரத்தாகிவிட்டது, அதற்குப் பிறகு 1925-ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். அதில் மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. அப்பா ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் எந்தத் தீர்ப்பு எதைத் தொட்டிருக்கிறது என்பதை மட்டும் விடமாட்டார். 1974 தொகுதியை எடுத்துப் பிரித்து, அந்தத் தீர்ப்பின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார்: "பார்க்க 1978 ஏ.ஐ.ஆர். சென்னை 66." எழுதிவிட்டு என்னிடம் சொன்னார்: "மக்களே, புஸ்தகத்துல இருக்குன்னு எடுத்துட்டுப் போயிரக் கூடாது. அது இன்னும் உயிரோட இருக்கான்னு பாக்கணும்."

அந்த அம்மாவின் வழக்கு ஆறு வருடம் நடந்து ராஜியில் முடிந்தது. 14 சென்ட் கிடைத்தது. ஒரு குப்பித் தேன் கொண்டுவந்து கொடுத்தார். இதே கேள்விக்குக் கேரளத்தில் விடை வர 1986 வரை ஆனது. மேரி ராய் என்ற சிரியன் கிறிஸ்தவப் பெண்மணி உச்ச நீதிமன்றம் வரை போய் வாங்கிய தீர்ப்பு அது. அதுவரை அங்கே பழைய திருவிதாங்கூர்-கொச்சி உயர்நீதிமன்றத் தீர்ப்பைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பன் சொத்து களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் இருந்தால் மகளுக்கு ஒரு கணக்கு, அந்தப் பக்கம் இருந்தால் வேறு கணக்கு. எட்டு வருடம் இப்படி இருந்திருக்கிறது. எந்தப் புத்தகம் எந்தப் பக்கத்துக்குச் செல்லும் என்று தெரிந்த ஒரு ஆள் கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருப்பதும் இல்லாமல் போவதும் ஒரு பெண்ணுக்கு என்ன செய்யும் என்பதை நான் அன்றைக்கே பார்த்துவிட்டேன்.

அப்பா பென்சிலால் செய்ததற்குப் பெயர் இருக்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. 1873-ல் சிகாகோவில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர், ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துக் காட்டியிருக்கின்றன என்ற குறிப்பைப் பசை தடவிய சீட்டுகளில் அச்சிட்டு விற்றார். வக்கீல்கள் அதை வாங்கித் தங்கள் புத்தகத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். பிறகு அது பெரிய தொகுதிகளாக வளர்ந்தது. இன்றும் அமெரிக்க வக்கீல்கள் ஒரு தீர்ப்பு நிலைத்திருக்கிறதா என்று பார்ப்பதை 'ஷெப்பர்டைஸ்' செய்வது என்றுதான் சொல்கிறார்கள். வகுப்பில் இதைக் கேட்ட அன்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வரலாற்றில் பி.ஏ. முடித்து, திருவனந்தபுரத்தில் பி.லிப்., எம்.லிப். படித்தேன். நூலக அறிவியல் நம் மண்ணில் வேர்விட்ட படிப்பு. சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். 1929-ல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கிய பயிற்சிப் பள்ளியை 1931-ல் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. அதே 1931-ல் நூலகம் எப்படி இயங்க வேண்டும் என்ற அவருடைய ஐந்து விதிகள் வெளிவந்தன. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டமும் 1948-ல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அவருடைய நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. மற்ற நூலகங்களில் அது ஒரு மரியாதை, சட்ட நூலகத்தில் அது காலக்கெடு. கீழ்க் கோர்ட்டுத் தீர்ப்பை எதிர்த்து மாவட்ட நீதிமன்றத்தில் அப்பீல் போட 30 நாள், உயர்நீதிமன்றம் என்றால் 90 நாள். 27-ம் நாள் சாயங்காலம் மூச்சு வாங்க ஓடிவரும் வக்கீலிடம் "அந்த வால்யூம் எங்கேயோ இருக்கும், நாளைக்கு வாங்க" என்று சொல்ல முடியாது.

ஆனால் எம்.லிப். பாடத்தில் சட்ட நூலகத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு பிற்பகல். 'சிறப்பு நூலகங்கள்' என்ற தாளில் மருத்துவ நூலகம், பத்திரிகை அலுவலக நூலகம் இவற்றோடு சேர்த்து ஒரு மணி நேரம் சொன்னார்கள். புத்தகங்களை வகைபிரிக்கும் கோலன் பகுப்பில் சட்டத்துக்கு இசட், டியூயி பகுப்பில் 340 என்று எழுதிக்கொண்டேன். அதை வைத்துக்கொண்டு 1988-ல் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே ஒரு பேராசிரியர் வந்து, "டுவெல்வ் எம்.ஐ.ஏ. த்ரீ நயன்ட்டி செவன்" என்றார். எனக்கு அது போன் நம்பர் மாதிரி கேட்டது. அசையாமல் நின்றேன். அட்டெண்டர் அண்ணன்தான் கடைசி வரிசைக்குப் போய், தோல் அட்டை உதிர்ந்துகொண்டிருந்த மூர்ஸ் இந்தியன் அப்பீல்ஸ் 12-வது தொகுதியை எடுத்துவந்து 397-ம் பக்கத்தைப் பிரித்து வைத்தார். 1868-ல், அன்றைய கடைசி அப்பீல் மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலில் முடிந்த ராமநாதபுரம் வழக்கு அது. தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதிவைத்த சட்ட நூலின் வாசகத்தைவிட மேலானது என்று சொன்ன தீர்ப்பு. நம் ஊர் வழக்கு, சட்டம் படிக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் வரும் பாடம். அதைக் கண்டுபிடிக்கும் வழியை எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அன்று ராத்திரி ரயிலில் நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கடக்கும்போது அழுகையை அடக்கிக்கொண்டே வந்தேன். அடுத்த வருடம் மாலை நேர வகுப்பில் எல்.எல்.பி. சேர்ந்தேன். வக்கீலாக வேண்டும் என்ற ஆசையில்லை. கேட்பவர் என்ன கேட்கிறார் என்று புரிய வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இதைத் தனித் தொழிலாகவே வளர்த்திருக்கிறார்கள். அங்கே சட்ட நூலகர்களுக்கான சங்கம் 1906-லேயே தொடங்கிவிட்டது. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், சட்டப் பட்டம் பெற்றவர்கள் நூலகப் படிப்பும் படித்துச் சட்ட நூலகராவதற்கென்றே ஒரு பாடத்திட்டம் வளர்ந்தது. மேரியன் கூல்ட் கல்லகர் என்ற நூலகர் அதைப் பல பத்தாண்டுகள் நடத்திப் பெயர் வாங்கித் தந்தார். அங்குள்ள சட்டக் கல்லூரி நூலகங்களில் உயர் பதவிக்கு இரண்டு பட்டமும் எதிர்பார்ப்பது வழக்கம். வக்கீல் நிறுவனங்களிலும் கோர்ட்டு நூலகங்களிலும் நூலகப் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு நன்றாக வேலை பார்ப்பவர்களும் ஏராளம். சட்டக் கல்லூரியில் தேடல் முறையை ஒரு பாடமாக எடுப்பதே பெரும்பாலும் நூலகர்கள்தான். நம் பக்கம் இது இன்னும் வரவில்லை என்பதுதான் என் ஆதங்கம். ஐந்து வருடம் சட்டம் படித்த பிள்ளைக்கு ஒரு தீர்ப்பு எந்தத் தொகுதியில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டும் சைட்டேஷனைப் பிரித்துப் படிக்கச் சொல்லித் தர நான் சாப்பாட்டு நேரத்தில் ஒளித்துவைத்த மாதிரி வகுப்பு எடுத்திருக்கிறேன். கால அட்டவணையில் இடம் இல்லை.

சரி, படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு வழி என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் இணைப்பு விட்ட இடம் இது. ஏதாவது ஒரு பட்டம் போதும். அதன்பின் பி.லிப். ஒரு வருடம், எம்.லிப். ஒரு வருடம், சில பல்கலைக்கழகங்களில் இரண்டும் சேர்ந்து இரண்டு வருட முதுகலையாக இருக்கிறது. சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் நேரில் போய்ப் படிக்கலாம். வேலை பார்த்துக்கொண்டே படிக்க அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்பும் இக்னோவும் உண்டு. கல்லூரி நூலகர் ஆக முதுகலையில் 55 சதவீதமும் தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் தேர்ச்சியும் வேண்டும், அல்லது மாநிலத்தின் செட். நெட் தேர்வில் நூலக அறிவியல் தனிப் பாடம். யூஜிசி விதிப்படி கல்லூரி நூலகருக்கும் உதவிப் பேராசிரியருக்கும் தொடக்க ஊதியம் ஒன்றே, 57,700 ரூபாய் அடிப்படை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் பெண்ணைப் பெற்றவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "லைப்ரரி வேலையில என்ன கெடைக்கும்?" என்பதுதான்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. அந்த ஊதியம் கிடைக்கும் இடங்கள் குறைவு. என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண், எம்.லிப். முடித்து நெட்டும் பாஸ் செய்தவள், ஒரு தனியார் கல்லூரியில் மாதம் 12,000 ரூபாய்க்கு வேலை பார்த்தாள். ஆய்வுக் குழு வரும் வாரத்தில் மட்டும் அவள் பெயர்ப் பலகை மேசைக்கு வரும். மற்ற நாளில் அட்மிஷன் கவுன்ட்டரில் ரசீது எழுத வைப்பார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்திலும் நீண்ட நாள் ஆள் போடவில்லை. ஒரு ஆபீஸ் உதவியாளர் சாவியை வைத்துக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட இடங்களை மட்டும் பார்த்துத்தான் வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். ஆனால் தேசியச் சட்டப் பள்ளிகள் பெங்களூரு, கொச்சி, திருச்சி என்று வந்திருக்கின்றன. உயர்நீதிமன்றங்களுக்கும் நீதித்துறைப் பயிற்சி மையங்களுக்கும் நூலகம் இருக்கிறது. சென்னை, பெங்களூரு, மும்பை வக்கீல் நிறுவனங்களில் தேடல் வேலைக்கென்றே ஆள் எடுக்கிறார்கள். எஸ்.சி.சி. ஆன்லைன், மனுபத்ரா போன்ற தரவுத்தளங்களை நடத்தும் நிறுவனங்களுக்கும் தீர்ப்பைப் படித்து வகைப்படுத்தத் தெரிந்தவர்கள் வேண்டும். நூலகப் பணிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி.யும் தேர்வு நடத்துகிறது. எல்.எல்.பி. கட்டாயம் இல்லை. ஆனால் முடிந்தால் படித்துவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்; என் முதல் நாள் யாருக்கும் வர வேண்டாம்.

"எல்லாம்தான் போனில் வந்துவிட்டதே, இனி நூலகர் எதற்கு?" என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். வந்திருப்பது உண்மை, நான் சந்தோஷப்படுகிறேன். 2008-ல் தீர்ப்புகளை இலவசமாகத் தேடும் இந்தியன் கானூன் தளம் வந்தபோது, சந்தா கட்ட வசதியில்லாத எங்கள் பக்கத்து ஜூனியர்களுக்கு அது பெரிய வாசல். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்புகளை இலவசமாகத் தேட இ-எஸ்.சி.ஆர். தளத்தைத் திறந்தது. அதே 2023-ல்தான் நியூயார்க்கில் ஒரு வழக்கில், விமான நிறுவனத்துக்கு எதிராக வாதாடிய வக்கீல்கள் சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை அப்படியே எழுதித் தாக்கல் செய்தார்கள். அப்படிப்பட்ட தீர்ப்புகளே கிடையாது. பெயர், தொகுதி, பக்கம் எல்லாம் அசலைப் போலவே இருந்தன. நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். ஒரு நூலகர் அந்தத் தொகுதியைத் திறந்து பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். கேரள உயர்நீதிமன்றம் 2025 ஜூலையில் கீழ் நீதிமன்றங்களுக்கு இது பற்றி ஒரு கொள்கையே வெளியிட்டிருக்கிறது. தீர்ப்பு எழுதவோ முடிவுக்கு வரவோ செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தக் கூடாது, அது தருவதை மனிதர் சரிபார்க்க வேண்டும் என்கிறது. சரிபார்க்கப் பழகிய மனிதர் யார் என்பதுதான் என் கேள்வி.

இன்னொன்றும் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 511 பிரிவுகள் இருந்த இடத்தில் 358. கொலைக்கு 302 என்று ஊரே சொல்லும், இப்போது 103. மோசடிக்கு 420, இப்போது 318. ஆனால் அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டம்தான். ஆக இன்னும் பல வருடங்களுக்கு இரண்டு சட்டமும் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். எந்த வழக்குக்கு எதை எடுப்பது என்று சொல்ல ஆள் வேண்டும். முன்பெல்லாம் சட்டத் திருத்தம் வந்தால் திருத்தச் சீட்டை வெட்டி, சட்ட வாசகம் மட்டும் உள்ள 'பேர் ஆக்ட்' புத்தகத்தில் அந்தந்தப் பிரிவின் மேல் ஒட்டுவோம். ஒரு பிரிவின் மேல் நான்கு சீட்டு ஒட்டிப் புத்தகம் வயிறு புடைத்து நிற்கும். இப்போது சீட்டு இல்லை, ஆனால் வேலை அதேதான்.

எல்லையில் இருக்கும் எங்களுக்கு இந்தக் கவலை இரட்டிப்பு. சட்டக் கல்லூரிகளுக்கான பார் கவுன்சிலின் 2008 விதிகள், முக்கிய ஜர்னல்களின் முந்தைய பத்து வருடத் தொகுதிகளாவது இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. மற்ற ஊர்களுக்கு அது போதுமோ என்னவோ, விளவங்கோட்டுக்குப் போதாது. எங்களுக்கு நூறு வருடத்துக்கு முந்தைய ரெகுலேஷன் இன்றைக்கும் வேண்டும். சுமார் ஏழு வருடத்துக்கு முன், ஓய்வு பெற்ற கையோடு, அப்பாவின் சீனியருடைய புத்தகங்களைப் பார்க்கப் போனேன். அவர் இறந்ததும் குடும்பத்தார் மூன்று அலமாரியையும் ஒரு கோர்ட்டு வக்கீல் சங்க நூலகத்துக்குக் கொடுத்திருந்தார்கள். எந்தக் கோர்ட்டு என்று எழுத விரும்பவில்லை. அங்கே ஒரு அலமாரி மட்டும் இருந்தது, அதற்குள் பழைய டியூப் லைட்டும் விழாப் பதாகைகளும். "பழைய புக்கெல்லாம் எடைக்குப் போட்டாச்சு மேடம், இடம் இல்ல, எல்லாம் ஆன்லைன்ல இருக்கே" என்று அங்கிருந்த தம்பி சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எதை வைக்கலாம், எதைக் கழிக்கலாம் என்று அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை. கழிப்பதற்கும் முறை இருக்கிறது. திருவிதாங்கூர் ரெகுலேஷன்களும் ரிப்போர்ட்டுகளும் போய்விட்டன. 1974 தொகுதியும் போய்விட்டது, அப்பாவின் பென்சில் எழுத்தோடு.

அதனால் இரண்டு மாநிலப் பல்கலைக்கழகங்களையும் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. முதுகலை நூலக அறிவியலில் சட்ட நூலகத்தை ஒரு முழு விருப்பப் பாடமாக வையுங்கள். அதில் ஒரு மாதம் கோர்ட்டு நூலகத்தில் உட்கார வையுங்கள். தீர்ப்பின் பின்வரலாறு பார்ப்பது, திருத்தங்களைத் தொடர்வது, பழைய மலையாளப் பத்திரத்தில் உள்ள ஒற்றி, பாட்டம் போன்ற சொற்களைப் படிப்பது, கொல்லம் ஆண்டை மாற்றுவது எல்லாம் அங்கேதான் கைக்கு வரும். மாவட்ட நீதிமன்றத்துக்கு ஒருவராவது பயிற்சி பெற்ற நூலகர் வேண்டும், சாவி வைத்திருக்கும் ஆள் போதாது. களியக்காவிளை, செங்கோட்டை, கூடலூர், அந்தப் பக்கம் பாறசாலை, சித்தூர், தேவிகுளம் என்று எல்லையோரப் பிள்ளைகள் வீட்டில் ஒரு பாஷை, பள்ளியில் ஒரு பாஷை, சந்தையில் இன்னொன்று என்று வளர்கிறார்கள். அதை ஒரு குறையாகச் சொல்லியே வளர்க்கிறோம். தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை இந்த வேலைக்குப் பாதித் தகுதியோடு பிறந்த பிள்ளை. ஆந்திர எல்லையில் திருத்தணிப் பக்கமும் 1960-ல் சேர்ந்த ஊர்களில் தமிழும் தெலுங்கும் தெரிந்த பிள்ளைகளுக்கு இதே வாய்ப்பு உண்டு.

தங்கை மகள் இப்போது பி.ஏ. சேர்ந்திருக்கிறாள். "பெரியம்மா, நான் பி.லிப். படிக்கட்டா?" என்று போன வாரம் கேட்டாள். மூன்று வருடம் கழித்துக் கேள், அதற்குள் ஒரு நாள் என்னோடு வா என்றேன். நான் சொன்ன அந்த வக்கீல் சங்க நூலகத்தில், மிச்சமிருக்கும் அலமாரியைச் சனிக்கிழமைகளில் ஒழுங்கு செய்து தர அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறேன். சம்பளம் வேண்டாம், ஒரு நாற்காலியும் மின்விசிறியும் போதும் என்று சொன்னேன். பைண்டருக்கான செலவைச் சில ஜூனியர்கள் பகிர்ந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த உயர்கல்வி இணைப்பில் நூலக அறிவியலுக்குக் கால் பக்கமாவது ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். விவரம் வேண்டுமானால் நானே எழுதித் தருகிறேன். வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். வீட்டில் வக்கீலாகவோ குமாஸ்தாவாகவோ இருந்த பெரியவர்கள் விட்டுப்போன திருவிதாங்கூர் ரெகுலேஷன், லா ரிப்போர்ட், கேரளா லா டைம்ஸ், மெட்ராஸ் லா ஜர்னல் தொகுதிகள் பரணில் கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கத்துக் கோர்ட்டு நூலகத்திலோ சட்டக் கல்லூரியிலோ கேட்டுப் பாருங்கள். கொடுப்பதற்கு முன் தூசி தட்டுங்கள், வெயிலில் காய வைக்காதீர்கள். பக்க ஓரத்தில் பென்சில் எழுத்து இருந்தால் ரப்பர் வைத்து அழித்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சட்டக் கல்லூரி நூலகர்,
குழித்துறை, கன்னியாகுமரி மாவட்டம்.